அண்ணனோட கட்டைப்பையும் அஞ்சாறு ஊரும்

வியாழன் ராத்திரி, சென்னை

நாளைக்கு விடியக்காலைல காட்பாடி வண்டி, பேக்கிங் இன்னும் பாதிதான் ஆச்சு, இருந்தாலும் இன்னைக்கே எழுத ஆரம்பிச்சுடறேன். ஊர் திரும்பினதும் மொத்தமா எழுதறேன்னு சொன்ன எதையும் நான் எழுதினதா சரித்திரமே இல்ல. தினம் ராத்திரி போன்லயே அடிச்சுப் போடறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

விஷயம் இதுதான். அண்ணன் இந்த மாசியில போயிட்டார்னு உங்கள்ல பாதிப்பேருக்குத் தெரியும். கூடப்பிறந்தவர் இல்ல, எங்க வாட்ஸப் குரூப்ல அவரை விட வயசுல மூத்தவங்க கூட அண்ணன்னுதான் கூப்பிடுவாங்க, பேர் எழுதினா யாரோ மாதிரி இருக்கும், விட்டுடறேன். சின்ன வயசுல போலியோ. ரெண்டு கால்லயும் காலிப்பர் (காலைத் தாங்கற இரும்புப் பட்டை), அப்புறம் ஊன்றுகோல், கடைசி சில வருஷம் வீல்சேர். தாம்பரம் பக்கம் ஒரு தாலுகா ஆபீஸ் வாசல்ல டைப்பிங், ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தார். பட்டா, வாரிசு சர்டிபிகேட்னு வர்றவங்ககிட்ட காசு வாங்குவார், மாற்றுத்திறனாளி மனுன்னா வாங்கமாட்டார். மனு எழுதறதுதான் அவருக்கு வேலை, கடை சைடு பிசினஸ்னு அண்ணி சொல்லிச் சிரிப்பாங்க, மாசக் கடைசியில சிரிக்காமயும் சொல்வாங்க.

காரியமெல்லாம் முடிஞ்சப்புறம் அண்ணி என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டைப்பையை நீட்டினாங்க. "எடைக்குப் போட மனசு வரலப்பா, நீயே பாரு." உள்ள பூரா ஃபைல். ஒவ்வொண்ணுலயும் பச்சை டேக், மேல ஒரு வெள்ளைத்தாள், அதுல ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டு தேதி, யார்கிட்ட பேசினது, என்ன சொன்னாங்க, அடுத்து எப்ப. "வரச்சொன்னார்." "லீவு." "வரச்சொன்னார்." "சீட்டு மாறிடுச்சு, புது ஆள்." இப்படியே ஒரு பக்கம் முழுக்க ஓடும், கீழ சிவப்பு மையில "கிடைச்சது"ன்னு இருந்தா அந்த ஃபைல் முடிஞ்சுதுன்னு அர்த்தம். சிவப்பு மை இல்லாததை குரூப்ல ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுக்கிட்டோம். பிரச்சனை என்னன்னா சில ஃபைல்ல ஒரிஜினல் சர்டிபிகேட்டே கிடக்கு. ஜெராக்ஸ் மட்டும் அனுப்புங்கன்னு அவர் தொண்டை கிழிய சொல்லியும் ஜனங்க ஒரிஜினலை அனுப்பியிருக்காங்க. அதைக் கூரியர்ல அனுப்ப எங்க யாருக்கும் தைரியம் வரல, அதான் இந்தப் பயணம்.

போறது நான், டீச்சர், டீச்சரோட பொண்ணு. டீச்சருக்கு முதுகுத்தண்டுல அடிபட்டு வீல்சேர், வீட்ல டியூஷன் எடுக்கறாங்க, அண்ணன்கிட்ட மனு எழுதக் கத்துக்கிட்டவங்க. பொண்ணு காலேஜ்.

சாயந்திரம் மூணு பேரும் மெரினா போனோம். டீச்சர்தான் கேட்டாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி அங்க போயிட்டு வந்துடலாம்னு. அங்க வீல்சேர் போறதுக்குன்னு போட்ட மரப்பாதை 2022 நவம்பர்ல திறந்தது, 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், மணல்ல சக்கரம் புதையாம கிட்டத்தட்ட அலை வரைக்கும் போயிடலாம். அதுக்கு முன்னாடி டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி தற்காலிகமா ஒரு பாதை போட்டுப் பிரிச்சுடுவாங்க, வருஷத்துக்கு ஒரு தடவை கடல் பார்க்கற கோட்டா. நிரந்தரப் பாதை வந்ததும் நாங்க குரூப்பா போனோம், ஒவ்வொருத்தரும் தண்ணியைப் பார்த்துக் கத்தறாங்க, சிலர் அழறாங்க, நம்ம அண்ணன் மட்டும் குனிஞ்சு டேப்பை எடுத்து பலகைக்கும் பலகைக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை அளந்துக்கிட்டு இருந்தார். "முன்சக்கரம் சின்னது டே, இதுல மாட்டினா ஆளு குப்புற விழுவான்." அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல பாதை உடைஞ்சுது. அண்ணன் மாநகராட்சிப் புகார் எண் 1913க்கு போன் போட்டு புகார் நம்பர் வாங்கினார், சரி பண்ணி முடிக்கற வரைக்கும் விடல. இன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. பொண்ணு சேரைத் தள்ள, டீச்சர் கீழ பலகையையே பார்த்துக்கிட்டு வந்தாங்க, அவரோட பழக்கம் தொத்திக்கிச்சு போல.

வெள்ளி, வேலூர்

காலைல ஸ்டேஷன்ல ஒரு பாடம். டீச்சரைப் பெட்டியில ஏத்தணும், உதவிக்கு ரெண்டு பேர் நல்ல மனசோட ஓடிவந்தாங்க, வந்த வேகத்துல சேரோட கைப்பிடியைப் புடிச்சுத் தூக்கினாங்க, கைப்பிடி கழண்டு கையோட வந்துடுச்சு. நிறைய வீல்சேர்ல கைப்பிடி கழட்டி மாட்டற மாதிரிதான் இருக்கும், கட்டில்ல இருந்து சேருக்கு நகர்றதுக்காக. புடிக்கவேண்டியது உட்கார்ற இடத்துக்குக் கீழ இருக்கற இரும்பு ஃப்ரேமை. அதுக்கும் முன்னாடி, உள்ள இருக்கற ஆள்கிட்ட கேட்கணும். டீச்சர் சத்தம் போடல, "தம்பி, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க, அப்புறம் தூக்குங்க"ன்னு கிளாஸ் எடுக்கற குரல்ல சொன்னாங்க, ரெண்டு பேரும் கைகட்டி நின்னுட்டாங்க.

வேலூர்ல பாகாயம் போனோம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியோட மறுவாழ்வு மையம் அங்கதான் இருக்கு. அண்ணன் சின்னப் பையனா காலிப்பர் மாட்டினது, நடக்கப் பழகினது எல்லாம் வேலூர்லதான், அவங்கப்பா தென்காசிப் பக்கத்துல இருந்து தோள்ல தூக்கிட்டு வந்திருக்கார். அந்தக் கதையை எத்தனையோ ராத்திரி சொல்லியிருக்கார், ஆனா கதையில அவர் ஹீரோ இல்ல, மேரி வர்கீஸ்தான் ஹீரோ. தெரியாதவங்களுக்கு: மேரி வர்கீஸ் சி.எம்.சி. டாக்டர், 1954ல கார் விபத்துல முதுகுத்தண்டு போய் இடுப்புக்குக் கீழ அசைவு இல்லாம ஆயிடுச்சு. இதோட டாக்டர் வேலை முடிஞ்சுதுன்னு நினைச்ச நேரத்துல, வீல்சேர்ல உட்கார்ந்தபடியே தொழுநோயால விரல் மடங்கிப்போனவங்க கையில ஆபரேஷன் பண்ண ஆரம்பிச்சாங்க. கை ஆபரேஷனை உட்கார்ந்தே பண்ணலாம் இல்லையா. அப்புறம் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து அதுக்குன்னு தனித் துறை, 1966ல பாகாயத்துல தனி மையம்னு கொண்டுவந்தாங்க. 1972ல பத்மஸ்ரீ, 1986ல காலமானாங்க.

அண்ணன் இந்தக் கதையை மேடைப்பேச்சு ஆளுங்க சொல்ற மாதிரி சொல்லமாட்டார். "அந்தம்மா உட்கார்ந்து வெட்டணும்னா டேபிள் உயரத்தை யாரோ ஒருத்தன் மாத்தியிருக்கணும்லா டே, அவன் யாருன்னு எவனாவது எழுதியிருக்கானா?" இதான் அவர் கேள்வி.

அவரைத் தன்னம்பிக்கைச் சிகரம், சாதனைச் செம்மல்னெல்லாம் சொன்னா கடுப்பாயிடுவார். ஒரு விழாவுல விருதுன்னு கூப்பிட்டுப் போயிட்டு மேடைக்கு ரேம்ப் போடல, நாலு பேர் சேரோட தூக்கறோம்னு வந்தாங்க. "மைக்குக்கு வயர் நீளம்தானே, அதைக் கீழ கொண்டாங்க"ன்னுட்டார். கலெக்டர்ல இருந்து எல்லாரும் கீழ இறங்கி வந்து சால்வை போட்டாங்க. அந்தச் சால்வையை நாலா மடிச்சு வீல்சேர் சீட்டுல போட்டுக்கிட்டார், நல்லா மெத்துனு இருக்குன்னு ரொம்ப நாள் மாத்தவே இல்ல.

கடைசிக் காலத்துல கையும் தளர்ந்துபோச்சு. போலியோ வந்து இருபது முப்பது வருஷம் கழிச்சு, அதுவரைக்கும் ஓவர்டைம் பார்த்த நரம்பும் தசையும் மறுபடி சோர்ந்துபோகுமாம், போஸ்ட் போலியோன்னு டாக்டர் சொன்னார். 2014ல இந்தியா போலியோ இல்லாத நாடுன்னு சான்று கிடைச்சப்ப ஊரே கொண்டாடுச்சு, அண்ணனும் சந்தோஷப்பட்டார். "புதுசா யாருக்கும் வராது, சரி, பழைய ஸ்டாக் நாங்க இருக்கோமே"ன்னு ஒரு சிரிப்பு. மூச்சு விடற தசையும் வீக்கானதால, மத்தவங்களுக்கு ஒரு வாரத்துல சரியாகியிருக்கும் நிமோனியா அவரைக் கொண்டுபோயிடுச்சு.

மத்தியானம் குடியாத்தம் போய் ஒரு அக்காவைப் பார்த்து ஃபைலைக் கொடுத்தோம். பழைய அடையாள அட்டையில ஊனம் 60 சதவீதம், புது அட்டையில 40னு வந்த கேஸ். இதுக்கு அண்ணன் ஒன்றரை வருஷம் போராடியிருக்கார். திருத்தின அட்டை போன மாசம் தபால்ல வந்துடுச்சாம். டீச்சர் பையில இருந்து சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வெள்ளைத்தாள்ல "கிடைச்சது"ன்னு எழுதி தேதி போட்டாங்க. நான் ஒண்ணும் பேசல.

சனி ராத்திரி, ரயில்ல

எழும்பூர்ல பொதிகை புடிச்சாச்சு. காலைல தென்காசி. வண்டி ஆடுது, டைப் பண்றது கஷ்டம், சுருக்கமா எழுதறேன்.

டிக்கெட் விஷயம் தெரியாம எத்தனையோ பேர் முழுக்காசு கொடுத்துப் போறாங்க, அதனால இதைச் சொல்லிடறேன். தனியா பயணம் பண்ண முடியாத அளவுக்கு உடல் ஊனம் இருக்கறவங்களுக்கு ஸ்லீப்பர், தேர்ட் ஏசி ரெண்டுலயும் 75 சதவீதம் கழிவு, செகண்ட் ஏசி, ஃபர்ஸ்ட் ஏசியில 50, கூடப்போற ஒருத்தருக்கும் அதே கழிவு உண்டு. அதுக்கு ரயில்வே தர்ற தனி அட்டை வாங்கிட்டா ஆன்லைன்லயே போடலாம், கவுன்ட்டர்ல நிக்க வேணாம். டீச்சருக்கு அந்த அட்டை வாங்கிக் கொடுத்தது அண்ணன்.

இதெல்லாம் காகிதத்துல இருக்கற சலுகை. நிஜம் என்னன்னா டீச்சர் சாயந்திரம் நாலு மணியில இருந்து தண்ணி குடிக்கல. பாட்டிலை நீட்டினேன், வேணாம்னாங்க. ஏன்னு பொண்ணு என் காதுல சொல்லுச்சு: நாங்க இருக்கற பெட்டியில பாத்ரூம் கதவுக்குள்ள சேர் போகாது. இது இந்த ஒரு வண்டியோட பிரச்சனை இல்ல, வீல்சேர்ல இருக்கற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க, வெளியூர்னா முதல்ல தண்ணியைக் குறைக்கறது. அதனால யூரின் இன்ஃபெக்ஷன் வந்து ஆஸ்பத்திரியில படுத்தவங்க எங்க குரூப்லயே இருக்காங்க. பெரும்பாலான எக்ஸ்பிரஸ் வண்டியில கடைசியில அகலக் கதவோட மாற்றுத்திறனாளிப் பெட்டி இருக்கும்தான், அது முன்பதிவு இல்லாதது, ஒருதரம் வேற ஒரு வண்டியில அண்ணனும் நானும் அதுல ஏறப்போனா உள்ள இருந்த இருபது பேர்ல ஒருத்தருக்குக்கூட அட்டை இல்ல. அண்ணன் கதவுகிட்ட சேரைப் போட்டுக்கிட்டு ஒவ்வொருத்தர்கிட்டயும் மரியாதையா "சார் உங்களுக்கு என்ன குறைபாடு"ன்னு கேட்டார். அடுத்த ஸ்டேஷன்ல முக்கால்வாசிப் பேர் இறங்கிட்டாங்க. எனக்கு அன்னைக்கு அடி விழும்னு பயம், அவருக்கு அதெல்லாம் கிடையாது.

விழுப்புரம் தாண்டியாச்சு. பொண்ணு தூங்கிடுச்சு. டீச்சர் தூங்கல.

ஞாயிறு, ஆய்க்குடி

தென்காசி இறங்கினதும் சாரல், சீசன் இன்னும் முடியல. குற்றாலம் வழியா ஒரு சுத்து போயிட்டு வந்தோம், மெயினருவிக் கூட்டத்தைப் பார்த்து வேன்ல இருந்தே கும்பிடு போட்டாச்சு, எழுத ஒண்ணுமில்ல.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஆய்க்குடி அமர் சேவா சங்கம்தான் இந்தப் பயணத்துல நான் ரொம்ப எதிர்பார்த்த இடம். எஸ். ராமகிருஷ்ணன், எல்லாரும் ஆய்க்குடி ராமகிருஷ்ணன்னு சொல்வாங்க, இன்ஜினியரிங் படிக்கும்போது 1975ல கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போய், உடல்தகுதி டெஸ்ட்ல விழுந்து கழுத்துல அடிபட்டு, கழுத்துக்குக் கீழ செயலிழந்துபோனவர். சொந்த ஊருக்குத் திரும்பி வந்து 1981ல, அது ஐ.நா. அறிவிச்ச ஊனமுற்றோர் ஆண்டு, இதை ஆரம்பிச்சார். அமர்ங்கறது அவருக்கு வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலோட பேர். அப்புறம் தசைச்சிதைவு இருக்கற ஆடிட்டர் சங்கரராமன் வந்து சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020ல பத்மஸ்ரீ கிடைச்சுது. கிராமத்துல, மெயின் ரோட்டுல இருந்து விலகி, ஸ்கூல், தெரபி, தொழிற்பயிற்சி, காலிப்பர் செய்யற பட்டறைன்னு அவ்வளவு பெரிய வளாகம்.

இளவட்டமா இருக்கும்போது அண்ணன் இங்க ஒரு கேம்ப்புக்கு வந்திருக்கார், உதவி வாங்கிட்டுப் போக வந்தவர், பேர் எழுதற டேபிள்ல ஆள் இல்லன்னு அங்க உட்கார்ந்துட்டார். அன்னைக்கு முழுக்க ஃபாரம் நிரப்பியிருக்கார். கையெழுத்து போடத் தெரியாத ஒரு பாட்டி, பேரனோட பேரை மூணு விதமா சொல்லுச்சாம், ரேஷன் கார்டுல ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு, வீட்ல ஒண்ணு. எந்தப் பேரை எழுதினா பின்னாடி பிரச்சனை வராதுன்னு யோசிச்சதுதான் அவர் செஞ்ச முதல் "சேவை". சொல்லும்போது சேவைங்கற வார்த்தையை இழுத்துச் சொல்லிக் கண்ணடிப்பார்.

வளாகத்துல டீச்சர் தானே சேரை உருட்டிக்கிட்டுப் போனாங்க. பொண்ணு பின்னாடியே ஓடுச்சு, அவங்க திரும்பிப் பார்க்கல. எங்க பார்த்தாலும் சரிவு, எங்கயும் படி குறுக்க வரல. எனக்கும் கை சும்மா இல்ல, அண்ணனோட டேப் பையிலயே இருந்துச்சு. அவர் அளக்கற முறையைச் சொல்றேன், யார் வேணா செய்யலாம். ரேம்ப் எவ்வளவு உயரம் ஏறுதோ அதைப் போல பன்னெண்டு மடங்கு நீளம் இருக்கணும், அதாவது ஒரு அடி உயரத்துக்கு பன்னெண்டு அடி. டேப் இல்லையா, போன்ல லெவல் பார்க்கற ஆப்பைத் திறந்து போனை ரேம்ப் மேல படுக்க வைங்க. 4.8 டிகிரிக்குள்ள காட்டினா சரி. அஞ்சு தாண்டினா அண்ணன் நோட்டை எடுத்துடுவார். ஒரு அலுவலகத்துல (எதுன்னு வேணாம்) 14 காட்டுச்சு. "இது ரேம்ப் இல்ல டே, சறுக்குமரம், கீழ மணல் மட்டும் கொட்டிட்டாப் புள்ளைக வெளையாடும்"னார். அதுக்கு மேல போட்டோ எடுத்து, டிகிரி தெரியற மாதிரி, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட பிரிவு 45ஐ மேற்கோள் காட்டி மனு. இருக்கற பொதுக் கட்டடங்களைச் சரி பண்ண அந்தச் சட்டம் கொடுத்த அஞ்சு வருஷம் 2022 ஜூன்லயே முடிஞ்சாச்சு. 2024 நவம்பர்ல ரஜீவ் ரதூரி வழக்குல சுப்ரீம் கோர்ட், மாற்றுத்திறனாளிகள் தடையில்லாம போய்வர வழி செய்யற அணுகல் விதிமுறைகளை வெறும் சிபாரிசா வெச்சா போதாது, கட்டாயமாக்கணும், மூணு மாசத்துல விதி போடுங்கன்னு மத்திய அரசுக்குச் சொன்னப்ப, அண்ணன் அந்தத் தீர்ப்புல நாலு பக்கத்தை பிரின்ட் எடுத்து லேமினேட் பண்ணிக் கடையில தொங்கவிட்டார். மூணாவது மாசம் அவர் ஐ.சி.யு.ல இருந்தார். "விதி வந்துச்சா?"ன்னு ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிட்டு என்கிட்ட கேட்டார், நர்ஸ் திட்டினாங்க.

திங்கள், தென்காசி

இன்னைக்குக் குறைதீர்க்கும் நாள். திங்கக்கிழமை வந்துடற மாதிரி பிளான் போட்டதே இதுக்குத்தான்.

பாவூர்சத்திரம் பக்கத்துப் பையன் ஒருத்தன், பன்னெண்டு வயசு, தசைச்சிதைவு. நடை நின்னு ஒரு வருஷம் ஆகுது. பழைய 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஏழு வகைக் குறைபாடுதான் இருந்துச்சு, 2016 சட்டம் அதை 21 ஆக்கினப்பதான் தசைச்சிதைவுக்குத் தனியா இடம் கிடைச்சுது. இங்க மாநில அரசு அவங்களுக்கு மாசம் 2,000 ரூபாய் பராமரிப்புத்தொகை கொடுக்குது, பேட்டரி வீல்சேரும் உண்டு. பையனுக்குப் பணம் வருது, அது அண்ணன் வேலை. பேட்டரி சேர்தான் நிக்குது. வெள்ளைத்தாள்ல கடைசி வரி ஜனவரி கடைசி: "பையனுக்குக் கைவிரல் நல்லா அசையுதான்னு கேட்கணும்." ஜாய்ஸ்டிக்கை இயக்கறதுக்கு விரல் வேணும், நாள் ஆக ஆக அதுவும் தளரும், அதான் அவசரம். அந்தக் கேள்விக்கு நேரா பதில் எழுதவே இல்ல.

அம்மா பையனை இடுப்புல வெச்சுக்கிட்டு பஸ்ல வந்துட்டாங்க. பன்னெண்டு வயசுப் பையனை. "அண்ணாச்சி எறந்துட்டாவன்னு எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது சார். போனு போட்டுக்கிட்டே இருந்தேன், எடுக்கலன்னதும் கோவமா இருக்காவளோன்னு நெனச்சேன். ஒருதரம் ஒப்புகைச் சீட்டத் தொலைச்சுட்டேன்னு ஏசிருக்காவ."

ஒப்புகைச் சீட்டு. அண்ணனுக்கு அதுதான் மதம். மனு ஒரே பக்கம்தான் இருக்கணும், கோரிக்கை முதல் பாராவுலயே வரணும், கண்ணீர்க் கதை வேணாம், சட்டப் பிரிவும் அட்டை எண்ணும் போதும், இணைப்பு என்னென்னன்னு கீழ எழுதணும், சீட்டு வாங்காம வாசலைத் தாண்டக்கூடாது. நான் எங்க போயிட்டு வந்தாலும் ஹலோ கூடச் சொல்லமாட்டார், "சீட்டு வாங்குனியா டே?"

டீச்சர் நேத்து ராத்திரியே மனுவை எழுதிட்டாங்க. நான் சொன்ன ரெண்டு வரியை அடிச்சுட்டாங்க, உருக்கமா இருக்காம், தேவையில்லையாம். வரிசையில நிக்கும்போது பையன் என் போனை வாங்கி கேம் விளையாடினான், கட்டைவிரல் ரெண்டும் பறக்குது. டீச்சர் அதைப் பார்த்தாங்க, வெள்ளைத்தாளை எடுத்து அந்தக் கேள்விக்கு நேரா "அசையுது, நல்லாவே"ன்னு எழுதினாங்க. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இல்லன்னு ஒருதரம் வெளிய ஓடினேன். ஜெராக்ஸ் கடையில ஒரு தாத்தா, எதிர்ல ஒருத்தர் அழுதுக்கிட்டே ஏதோ சொல்லச் சொல்ல, முகத்துல ஒண்ணும் காட்டாம டைப் அடிச்சுக்கிட்டு இருந்தார். இதே மாதிரி எல்லா ஊர்லயும் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார்னு இதுவரைக்கும் நான் யோசிச்சதே இல்ல.

மனு கொடுத்தாச்சு. அடுத்த மதிப்பீட்டு முகாம்ல பையனைப் பார்க்கறோம்னு சொல்லி தேதியை எழுதிக் கொடுத்தாங்க. சீட்டு வாங்கினோம். அம்மா அதை வாங்கி மடிக்கப் போனாங்க, டீச்சர் முதல்ல போட்டோ எடுக்க வெச்சு அவங்க போன்லயே அவங்களுக்கே ஒரு காப்பி அனுப்ப வெச்சாங்க. அடுத்த தடவை நானே வந்து கேட்டுக்கிடுதேன்னு அந்தம்மா சொன்னாங்க. எங்க கேட்கணும், யார்கிட்ட கேட்கணும்னு டீச்சர்கிட்ட எழுதி வாங்கிக்கிட்டாங்க. 2019ல தென்காசி தனி மாவட்டம் ஆகறதுக்கு முன்னாடின்னா இதுக்கெல்லாம் திருநெல்வேலி போகணும், அவ்வளவு தூரம், புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு.

செவ்வாய், பாளையங்கோட்டை

கடைசி ஃபைல், கடைசி ஊர். ராத்திரி திரும்பற வண்டி.

பாளையங்கோட்டையில பார்வையற்றோர் பள்ளி 1890ல ஆஸ்க்வித் அம்மையார் ஆரம்பிச்சது. காது கேளாதோருக்கு ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் பேர்ல இருக்கற பள்ளியும் இதே ஊர்தான், அதுவும் அந்தக் காலத்துது. அதனால இங்க பஸ் ஸ்டாண்டுல சைகையில பேசிக்கிட்டு நிக்கற பசங்களையோ வெள்ளைக்கோலையோ யாரும் திரும்பிப் பார்க்கறதில்ல, டீ குடிச்சுக்கிட்டே ஒதுங்கி வழி விடறாங்க. எங்க ஊர்ல இந்தப் பழக்கம் வர இன்னும் எவ்வளவு நாளாகுமோ.

நாங்க பார்க்க வந்தது எம்.ஏ. முடிச்சுட்டு டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கற ஒரு தம்பி, பிறவியில இருந்தே பார்வை இல்ல. அவரோட டிகிரி ஒரிஜினல்தான் ஃபைல்ல இருந்துச்சு. அதைக் கையில வாங்கி முத்திரை இருக்கற மூலையை விரலால தடவிப் பார்த்துட்டு, "இதான், இதான்"னு சொல்லிச் சிரிச்சார்.

அப்புறம்தான் சொன்னார், அண்ணன் அவருக்குப் பாடப்புத்தகம் வாசிச்சு ரெக்கார்டு பண்ணி அனுப்பியிருக்கார். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் வரலாறு, அப்புறம் பொருளாதாரம். எங்க யாருக்கும் தெரியாது. கடையைச் சாத்தினப்புறம் ராத்திரி வாசிச்சிருக்கார் போல. "கேட்கறீங்களா சார்?"னு போனை எடுத்தார், நான் மனசைத் திடப்படுத்திக்கிட்டு உட்கார்ந்தேன். பிளே பண்ணினா கீச்சுக் கீச்சுன்னு ஏதோ ஓடுது. அவங்கல்லாம் டபுள் ஸ்பீடுலதான் கேட்பாங்களாம், சாதாரண வேகம் இழுவையா இருக்குமாம். அண்ணன் கார்ட்டூன் குரல்ல பல்லவர் வரலாறு சொல்றார், நடுவுல குக்கர் விசில், "ஏய் அடுப்பை அணை"ன்னு ஒரு அதட்டல், அப்படியே மகேந்திரவர்மனுக்குத் திரும்பிட்டார். டீச்சர் சிரிச்ச சிரிப்புல இருமலே வந்துடுச்சு. தம்பிக்குப் புரியல, என்ன சார் ஆச்சுன்னு கேட்டார். அப்புறம் எங்களுக்காக சாதாரண வேகத்துல ரெண்டு நிமிஷம் போட்டார். மூச்சு வாங்கறது கேட்டுச்சு. டீச்சர்தான் போதும்னாங்க.

ரெக்கார்டிங் எல்லாத்தையும் பென்டிரைவ்ல ஏத்திக் கொடுத்துட்டார். பொருளாதாரத்துல பதினொண்ணாம் வகுப்பு பாதியில நிக்குது, மீதியை வாசிக்க பொண்ணு ஒத்துக்கிச்சு. "நீ வேகமா வாசிக்காதம்மா, வேகத்தை நாங்க ஏத்திக்குவோம், தெளிவா மட்டும் வாசி"ன்னு தம்பி கண்டிஷன் போட்டார்.

திருநெல்வேலி ஸ்டேஷன்ல உட்கார்ந்து இதை அடிக்கறேன். கட்டைப்பை காலி, டேப் மட்டும் இருக்கு, அதை டீச்சர் எடுத்துக்கிட்டாங்க, பிளாட்பாரம் ரேம்ப்பை அளந்துட்டு இருக்காங்க.

ஒரு அவசர விஷயம், இதைப் படிக்கறவங்களுக்கு. தம்பியோட ஜூனியர் பசங்க மூணு பேருக்கு அரியர் பரீட்சைக்கு அவங்க சொல்லச் சொல்ல எழுத ஆள் வேணும். அண்ணன் இருந்தா ஒரு மணி நேரத்துல புடிச்சிருப்பார், ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கே எத்தனையோ தடவை போன் வந்திருக்கு. பாளையங்கோட்டை, திருநெல்வேலியில இருக்கறவங்க வந்தா நல்லது. எழுதற ஆளோட படிப்பு, பரீட்சை எழுதறவரை விடக் கீழ இருக்கணும், இவங்க டிகிரி பரீட்சைங்கறதால பிளஸ் டூ முடிச்சவங்க போதும். மணிக்கு 20 நிமிஷம் கூடுதல் நேரம் உண்டு, அதனால மூணு மணி நேரப் பரீட்சைக்கு நாலு மணி நேரம் ஒதுக்கிட்டு வாங்க. தமிழ்ல வேகமா எழுத வரணும், சொல்றதை மட்டும் எழுதணும், தப்பாத் தெரிஞ்சாலும் திருத்தக்கூடாது. அடையாள அட்டை, மார்க் ஷீட் ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ கொண்டுவாங்க. ஒரிஜினல் அனுப்பவேணாம். முடியறவங்க இன்னைக்கு ராத்திரிக்குள்ள எனக்கு மெசேஜ் போடுங்க, வண்டியில முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன்.